பாலாடை அச்சு

பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடைக்கான இரும்பு அச்சு இன்னும் பட்டறையிலேயே கிடந்தது. வரைந்து, குடைந்து, உலையில் காய்ச்சி இறுக்கவே மாதங்கள் ஓடிவிட்டன. விளிம்பைத் தேய்ப்பதுதான் பாக்கி.

"ஏண்டி, உனக்குப் பின்னால வந்த வாளி அச்சு எப்பவோ வேலைக்குப் போயிட்டா. நீ இன்னும் சிங்காரிச்சு முடியலையா?" என்று பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் கேலி செய்தது.

அச்சுக்கு ரோஷம். தேய்க்காமலேயே போய் இயந்திரத்தில் ஏறிக்கொண்டது. முதல் பாலாடை பளபளவென்று விழுந்தது.

"அம்மா, நான் கிளம்பட்டுமா?" என்றது பாலாடை.

அதன் மூக்கில் மயிரிழையாய் ஒரு பிசிறு. பிள்ளையின் உதடு படும் இடம். அச்சு பதறிப்போனது.

"நீ இரு கண்ணு."

"வாளியிலயும்தான் பிசிறு இருந்துச்சு. யாரு பாத்தா?" என்றது இயந்திரம்.

"வாளியை யாரும் வாயில வைக்கிறதில்லையேக்கா."

அச்சு இறங்கிப்போய்த் தேய்ப்புக்கல்லுக்கு முகத்தைக் கொடுத்தது. இயந்திரம் திறந்த வாயை மூடாமல் காத்திருந்தது.