ஐம்பத்தெட்டாம் வருஷத்து நோட்டு

ராயம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, டிஸ்பென்சரி வாசலில் புறப்படத் தயாராக நின்ற ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றாள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்தான். அவள் அசையவில்லை.

ஜீப்பில் ஏழு மரப்பெட்டிகள் ஏறியிருந்தன. கம்பைநல்லூரில் முப்பத்தொரு வருஷம் வைத்தியம் பார்த்து, போன தை மாதம் இறந்துபோன டாக்டர் நஞ்சப்பனின் நோட்டுகள், கடிதங்கள், படங்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. பெயரெடுத்த குடும்ப டாக்டர்களைப் பற்றிய சான்றுகளைச் சேர்த்துவைக்க மெட்ராஸில் டாக்டர்கள் சங்கம் ஒன்று காப்பகம் தொடங்கியிருந்தது. அதற்காக வந்திருந்த தர்மனும் ஒரு டாக்டர்தான், இளவயதுக்காரர்.

தர்மன் கீழே இறங்கி, டாக்டருடைய பொருள் எதுவும் சேதமாகாது, பயப்பட வேண்டாம் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார். டாக்டர் போன துக்கத்தில் மறிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"நான் எதையும் தடுக்க வரலீங்க. அம்பத்தெட்டாம் வருசத்து நோட்டு பொட்டியில இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. அப்புறம் வண்டிய எடுங்க."

தர்மன் பட்டியலைப் பார்த்தார். வருஷத்துக்கு ஒரு நோட்டு வீதம் எல்லாம் இருந்தன, அந்த ஒன்றைத் தவிர. அதைக் கரையான் அரித்துவிட்டதாகக் கம்பவுண்டர் சவரி சொன்னார் என்றார்.

ராயம்மாளுக்கு உச்சந்தலை கொதித்தது.

அந்த வருஷம் ஆவணி மாதத்தில் ஒருநாள், அவள் புருஷன் சின்னப்பன் வயிற்றுவலி என்று பகல் பதினோரு மணிக்கு இந்த டிஸ்பென்சரிக்கு நடந்து வந்தான். ஒரு பாட்டில் மருந்தோடு வீடு திரும்பினான். குடித்தான். மூன்று மணிக்கெல்லாம் உயிர் போய்விட்டது.

அன்று சாயங்காலம் நஞ்சப்பன் தானாகவே அவள் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளுக்குக் கொடுக்கக் கூடாத மருந்து போய்விட்டது, தப்பு என்னுடையது, நோட்டிலும் எழுதிவிட்டேன் என்றார். அவள் மண்ணை வாரி அவர் முகத்தில் எறிந்தாள். அவர் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

போலீசுக்குப் போக அவளுக்குத் துணையும் இல்லை, தெம்பும் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இந்த வாசலைத் தாண்டித்தான் தூக்கிப்போய் அரூர் பஸ் ஏறுவாள். கைராசிக்கார டாக்டர் என்று யாராவது புகழ்ந்தால் எழுந்து போய்விடுவாள். இப்போது மெட்ராஸ் வரைக்கும் அவர் பெருமை போகிறதாம். போகட்டும், அந்தப் பக்கமும் சேர்ந்து போகட்டும். சின்னப்பனுக்கென்று எங்கேயாவது எழுதியிருக்கிற நியாயம் அது ஒன்றுதான்.

அவள் யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்தாள். தர்மன் பின்னாலேயே போனார். மருந்து கலக்கும் அறையில் சவரி அலமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார். டிஸ்பென்சரி திறந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவர், அறுபதைத் தாண்டியவர். அந்த இடத்தில் அவள் வெறுக்காத ஒரே ஆள். கோயிலில் அவளைக் கண்டால் நலம் விசாரிப்பார். அவள் மூத்த பெண்ணின் கல்யாணத்தில் இரண்டு நாள் பந்தியில் நின்று பரிமாறியவர்.

நகருங்கள் என்றாள். அவர் நகரவில்லை. அவர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு அலமாரியைத் திறந்தாள். பஞ்சுக் கட்டுகளுக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. ஒரு தாளில்கூடக் கரையான் தடம் இல்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தர்மன் ஆவணி மாதத்தைத் தேடி எடுத்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார்.

"காலை ஏழு மணிக்குப் பொம்மிடி புறப்பட்டேன். சிக்கலான பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். திரும்பும்போது மணி நான்கு."

அதற்குக் கீழே வேறு மையில் எழுதியிருந்தது. "சின்னப்பன், வயது முப்பத்திரண்டு. மேலுக்குப் பூசும் மருந்து உள்ளுக்குக் கொடுக்கப்பட்டது. மரணம். தவறு முழுவதும் என்னுடையது. வேறு யாரையும் இதற்காகக் கேட்க வேண்டாம்."

தர்மன் அந்த வரிகளை இன்னொரு முறை படித்தார். பிறகு, இத்தனை டாக்டர்களின் நோட்டுகளைப் புரட்டியிருக்கிறேன், இப்படித் தன் தப்பைத் தானே எழுதிவைத்த ஒருவரைப் பார்த்ததில்லை, இதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்றார்.

சவரி கையை நீட்டி நோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க சார். இது மட்டும் வேண்டாங்க. இதுல இருக்கறது பொய்."

ராயம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். எசமான் பேரைக் காப்பாற்ற இன்னும் எத்தனை சொல்வீர்கள் என்று கேட்டாள். முதலில் கரையான் என்றீர்கள், இப்போது அவர் கைப்பட எழுதியதையே பொய் என்கிறீர்களா என்றாள். பதினைந்து வருஷம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அந்தச் சின்ன அறையில் கொட்டியது. வாசலில் வேடிக்கை பார்த்து நின்றவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

"மண்ண வாரி எறிஞ்சப்பக்கூட நின்னு ஒத்துக்கிட்ட மனுசன் அவரு. அவருக்கு இருந்த நெஞ்சு உனக்கு இல்லியே, சவரியண்ணே."

சவரியின் பிடி தளர்ந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கு பாட்டில மாத்தி எடுத்தது நானு, ராயம்மா."