மாடியில் காலடி

மகள் நிறைமதி இருந்தவரை வீட்டில் எழுப்பிய சத்தங்களை எல்லாம் ஹோம் தியேட்டர் சேர்த்து வைத்திருந்தது. அவள் இறந்த பிறகு, சுவர் ஸ்பீக்கர்களில் சிரித்தாள். பின்பக்கம் கதவைச் சாத்தினாள்.

"கூரையிலயும் ஸ்பீக்கர் போட்டா, பாப்பா மாடியில நடக்கறதும் கேட்கும் சார். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்று, சோதனைக்காக மாட்டியிருந்ததை இயக்கினான் ஸ்பீக்கர் கடையிலிருந்து வந்த பெனடிக்ட்.

தலைக்கு மேலே கட்டில் கிரீச்சிட்டது. நிறைமதி எழுந்து நடந்தாள்.

அம்மா அரசி சமையலறைக்கு விரைந்து தோசைக்கல்லைப் போட்டாள். நிறைமதி இருந்தபோதும் மாடியில் சத்தம் கேட்டதும் மாவை ஊற்றிவிடுவாள். மகள் இறங்கி வரும்போது தோசை சூடாக இருக்க வேண்டும்.

காலடிச் சத்தம் மாடிப்படியின் உச்சி வரை வந்து நின்றது. படிகளில் ஸ்பீக்கர் இல்லை.

தட்டோடு வந்த அரசி படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோசையில் ஆவி அடங்கிவிட்டது.

"வேணாம் தம்பி, கழட்டிடுங்க" என்றார் கணவர் சபாபதி. 

"கொஞ்சம் இருங்க" என்றாள் அரசி. "அவ கீழ வந்துடட்டும்."