படகுக்குக் கிடைத்த பாராட்டு

கால்வாயில் போய்க்கொண்டிருந்த படகுக்கு அன்று தலைகால் புரியவில்லை. பேரப்பிள்ளைகளோடு ஏறியிருந்த தாத்தா, வழி நெடுக அதைக் காட்டியே பாடம் நடத்திக்கொண்டு வந்தார்.

“பாத்தீங்களா? படகு அலட்டிக்கவே இல்ல. மனுஷனும் அப்படி இருக்கணும்.”

“என்னைத்தான் சொல்றார்,” என்றது படகு.

“உன் அடிப்பலகை விரிசல் விட்டிருக்கு. தண்ணி ஏறுது,” என்றது அதைத் தள்ளிக்கொண்டு வந்த மூங்கில் கழி.

“சும்மா இரு. அடுத்து என் பொறுமையைப் பத்திச் சொல்லப்போறார்.”

சின்னப் பேத்தி மதிவதனி, முறுக்கையெல்லாம் தாத்தா மடியில் கொட்டிவிட்டு, காலி டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். கரை வரும்வரை நிறுத்தவில்லை.

“அந்தப் பொண்ணு ஒரு வார்த்தைகூடக் காதுல வாங்கலையே!” என்று வருத்தப்பட்டது படகு.

“அதனாலதான் நீ இன்னும் மிதக்குற,” என்றது கழி.