நான்கு புள்ளி

தெலுக் பங்லிமா காராங்கில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் குணாளன் யாரையும் லேசில் நம்பமாட்டார். பற்றவைத்து முடித்ததும் பக்கத்தில் ஓர் எஃகு ஆணியால் மூன்று புள்ளி குத்திவிடுவார். முனை உடைந்த ஆணி என்பதால் புள்ளி பிறை மாதிரி விழும். எவனாவது குறை சொல்லிக்கொண்டு வந்தால், தன் வேலையா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அன்று காலை ஜெயரூபன் என்பவர் லோரியில் ஒரு பழைய இரும்புப் பரணைக் கொண்டுவந்தார். செம்பனைத் தோட்டத்தில் பன்றி வேட்டைக்கு ஏறி உட்காருவதாம். ஒரு காலில் வெல்டிங் விட்டிருந்தது. அதன் பக்கத்தில், துருவுக்குள், மூன்று பிறைகள்.

"இது நான் செஞ்சதாச்சே. எப்ப கொண்டாந்தீங்க?"

"என்னா பாஸ், இன்னைக்குதான் மொத தடவை வரேன். எங்கப்பா போட்டது. முப்பது வருஷமா தோட்டத்துலயே நிக்குது லா."

பட்டறை திறந்தே எட்டு வருடம்தான் ஆகிறது. என் காதிலேயே பூ சுற்றுகிறானா என்று குணாளன் கறுவினார். புதிதாகப் பற்றவைத்து, அடையாளத்துக்கு இந்த முறை நான்கு புள்ளி குத்தினார். வாழ்நாளில் நான்கு குத்தியது அதுதான் முதல் தடவை.

ஜெயரூபன் பரணை நிமிர்த்தி, சோதித்துப் பார்க்க மேலே ஏறி உட்கார்ந்தார்.

குணாளன் பரணின் எதிர்ப்பக்கத்துக் காலைப் பிடித்துக்கொண்டார். கை பட்ட இடத்தில் பச்சைப் பெயிண்ட் உரிந்தது. அடியில் துருவேறிய வெல்டிங் ஒன்று பாதிக்குமேல் விரிந்திருந்தது. பக்கத்தில் நான்கு பிறைகள்.

"தாங்குமா பாஸ்?" என்று மேலே ஜெயரூபன் ஆடிப் பார்த்தார்.