காலையில் வந்துவிடும்

"உங்க அப்பா உங்கள அடிச்சிருக்காரா?"

"ம்."

"அடிக்கடியா, எப்பவாவதா?"

"அடிக்காத நாளைச் சொல்லவா? அது சுலபம்" என்றார் என் கணவர், சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டியபடியே.

நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளைகள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று ஆராய்வது என் வேலை. அதற்காக நானே தயாரித்த கேள்விகள் இவை. அடி, பசி, வீட்டில் குடி, பாதியில் நின்ற படிப்பு, ஜெயிலுக்குப் போன உறவு. ஒவ்வொரு 'ஆமா'வுக்கும் ஒரு மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்று அர்த்தம்.

சிறார் இல்லத்தில் ஒரு பெண் இருக்கிறாள். பக்கத்து வீட்டுச் செல்போனைத் திருடியவள். அவளுக்கு மதிப்பெண் எக்கச்சக்கம். அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்புவதா, இன்னும் இரண்டு வருஷம் உள்ளேயே வைப்பதா என்று நாளைக்குக் குழு கூடி முடிவெடுக்கும். என் பரிந்துரையைத்தான் கேட்பார்கள். 'உள்ளேயே இருக்கட்டும்' என்று எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

அதற்கு முன் என் அளவுகோல் சரிதானா என்று ஒரு தடவை பார்த்துவிட ஆசை. ஒரு நல்ல மனிதரிடம் கேட்டால் பூஜ்யம் வர வேண்டும். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர் வீட்டிலேயே இருக்க, வெளியே தேடுவானேன்?

கேட்டேன். பசி? ஆமாம். குடி? ஆமாம். ஜெயில்? "சித்தப்பா. அப்புறம் அப்பாவும்."

ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணை அவர் தாண்டிவிட்டிருந்தார்.

சின்ன வயதுப் பேச்சை எடுத்தாலே "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று நழுவிவிடுவார். நானும் இத்தனை வருஷமாகத் தோண்டியதில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்துக் கேட்டவள், இவரைக் கேட்கவில்லை.

"இவ்வளவும் நிஜம்னா, நீங்க மட்டும் எப்படித் திருடாம இருந்தீங்க?"

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"திருடலைன்னு யார் சொன்னா?"

ஒரு சாயங்காலமாம். ஒரு சைக்கிள் கடை வாசல். புத்தம் புதுச் சிவப்பு சைக்கிள். கடைக்காரர் உள்ளே குனிந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாராம். இவர் ஏறி மிதித்துவிட்டார்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. 'திருடன், திருடன்' என்று அல்ல.

"தம்பி, செயின் லூசா இருக்கு, பாத்துப் போ! காலைல கொண்டா, டைட் பண்ணித் தரேன்!"

இரண்டாவது தெரு திரும்புவதற்குள் செயின் கழன்றுவிட்டதாம்.

"போட்டுட்டு ஓடியிருக்கலாம். மனசு வரல. விடியிற வரைக்கும் தள்ளிக்கிட்டே திரிஞ்சேன். காலைல கொண்டுபோய் நிறுத்தினா, ஒரு வார்த்தை கேக்கல. ஸ்பானரை என் கையில குடுத்து, 'நீயே டைட் பண்ணு'ன்னுட்டாரு."

கடைக்காரர் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தச் சிவப்பு சைக்கிள் என்னுடையது.

என் அப்பா, காற்றடிக்கும் பம்பைக்கூடச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தவர். தன் நிழலையே நம்பாதவர். அவர்தான் அன்று வீட்டுக்கு வந்து, "ஒரு பையன் அவசரம்னு கேட்டான், குடுத்தேன். காலைல வந்துடும்" என்றார். பெற்ற மகளின் புதுச் சைக்கிளை எவனுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று அழுது புரண்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டேன். காலையில் சைக்கிள் நின்றது. செயின் கச்சிதமாக இருந்தது. கடையில் உதவிக்குப் புதிதாக ஒரு பையன் இருந்தான்.

பின்னாளில் அந்தப் பையனுக்கே கடையையும் என்னையும் கொடுத்தபோது, மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது.

திருட்டுக்குக் காரணம் தேடி நான் அலமாரி அலமாரியாகப் படித்திருக்கிறேன். அப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டே, ஒரே வாக்கியத்தில், திருட்டை இரவலாக மாற்றியிருக்கிறார். அம்மாடி!

"அப்பாவுக்கு உங்க மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கையா?" அவர் சிரித்தார். "விடியக்காலைல நான் போறப்ப மாமா கடை வாசல்லதான் உக்காந்திருந்தாரு. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா செவந்து கிடந்துச்சு. ராத்திரி பூரா தூங்கவே இல்ல போல."

நான் பேனாவை எடுத்தேன். எழுதியதை அடித்தேன்.

"கடைக்கு ஒரு ஆள் வேணும்னீங்களே?"

"ஸ்பானர் புடிக்கத் தெரியுமா அந்தப் பொண்ணுக்கு?" என்றார். பிறகு அவரே, "நமக்கென்ன பொறக்கும்போதே தெரிஞ்சிருந்துச்சா" என்று சொல்லிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை அணைத்தார்.

சித்தி வீட்டுக்கு அனுப்பலாம், தொழில் பழகத் தினமும் காலையில் கடைக்கு வரட்டும் என்று குழுவில் சொன்னேன். தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஓடிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

"காலைல வந்துடுவா சார்" என்றேன்.

சொன்னேனே தவிர, அன்று ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. விடிவதற்கு முன்பே போய்க் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.