மாவு மாத்திரை

"என் புருஷனுக்கு மாவு மாத்திரையைக் குடுத்துட்டு, இப்ப எதுக்கு சிஸ்டர் இந்தப் பக்கம் வந்தீங்க?"

தெய்வம்மா இப்படிக் கேட்டதும், உள்ளே போவதா, திரும்பிப் போவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள் உமாமகேஸ்வரி. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மருந்து ஆராய்ச்சி நர்ஸ் அவள். இதய வால்வு ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதன் பிறகு நெஞ்சு தாறுமாறாகத் துடிக்காமல் இருக்க ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. குன்னூருக்கு மேலே இந்தத் தேயிலை எஸ்டேட் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் இரண்டு பேர் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். தெய்வம்மாவின் புருஷன் இருளப்பன், பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள்.

கருப்பம்மாள் தனிக்கட்டை, மறதிக்காரி. அதனால் அவள் மாத்திரை டப்பாவும் தெய்வம்மா வீட்டில்தான் இருந்தது. காலையில் தேத்தண்ணியோடு இருவருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது தெய்வம்மாதான்.

ஆடியில் இருளப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே, தெய்வம்மாவுக்கு நர்ஸ் கிடைத்தாள்.

"யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனுங்களேக்கா."

"எனக்குத் தெரிஞ்சிச்சே. சித்திரையிலேயே அவ மலையேறிக் கொழுந்தெடுக்கப் போயிட்டா. இந்த மனுசன் கக்கூசுக்குப் போய் வர்றதுக்குள்ள நாலு எடத்துல உக்காந்தாரு. அவளுக்கு மருந்து, இவருக்கு மாவு. லயத்து ஆளுங்கதானேன்னு வெளையாடிப் பாத்துட்டீங்க."

"ஆராய்ச்சி முடிஞ்சு, நேத்துத்தானுங்க எங்களுக்கே சொன்னாங்க. அண்ணனுக்குக் குடுத்ததுதான் நெஜ மருந்து. கருப்பம்மாக்காவுக்குத்தான் வெறும் மாத்திரை."

தெய்வம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்படி மூச்சு வாங்குனாரே."

"அவரு இதயம் முன்னமே ரொம்பக் கெட்டிருந்துச்சுங்க. மருந்துதான் தாங்கிப் புடிச்சிருந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு. மழை ஆரம்பிச்சதும் ஏன் திடீர்னு அந்தப் புடி விட்டுப்போச்சுன்னுதான் அவருக்கே புரியலைங்க."

தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தாள் கருப்பம்மாள். துக்க வீட்டுக்குத் தினமும் அவள்தான் சோறு கொண்டுவருகிறாள்.

"அக்கா குடுத்த மாத்திரைதான் சிஸ்டர் என்னைய நடமாட வைக்குது. அதுவும் இந்த மழை ஆரம்பிச்சதுக்கப்புறம் முன்னைய விடத் தெம்பா இருக்கேன். எந்திரிக்கா, ஒரு வாய் சாப்பிடு."

தெய்வம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனி மழை தொடங்கிய அன்றிலிருந்து, யாருக்கும் தெரியாமல், கருப்பம்மாளின் டப்பாவைத் திறந்து புருஷனுக்கும், புருஷனின் டப்பாவைத் திறந்து கருப்பம்மாளுக்கும் மாத்திரை கொடுத்துவந்தவள் அவள்தான்.