இரண்டாம் தட்டு

“அத்தான், லேசரைக் கூட்டாதீங்க, சொல்லிட்டேன்!”

“கூட்டாம எப்படிம்மா தெரியும்? உன் ரெண்டாவது தட்டு கும்மிருட்டா கிடக்கு.”

அவள் ஆராய்ச்சி செய்யும் ஆய்வுக்கூடத்தில் லேசர் நுண்ணோக்கியை இயக்குபவர் அவளுடைய அக்காள் கணவர். செல் வளர்த்த எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று படம் எடுப்பவரிடம் மூச்சு விடக் கூடாது, அது அங்கே விதி. தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். நாளைக் கூட்டத்தில் இந்தப் படங்கள் தேறாவிட்டால் மச்சினியின் மூன்று வருட உழைப்பை இழுத்து மூடிவிடுவார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

முதலில் வைத்த ஒன்றாம் தட்டு நீல லேசர் பட்டதும் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்திருந்தது. அத்தான் விசிலே அடித்திருந்தார். இரண்டாம் தட்டில்தான் வந்தது வினை.

“பத்து மடங்கு லென்ஸுல ஒண்ணுமில்ல. இருபதுலயும் இல்ல.”

“அறுபது போடுங்க. எண்ணெய் லென்ஸ். துளி வெளிச்சம் இருந்தாலும் அது அள்ளிடும்.”

எண்ணெய் வைத்து லென்ஸை மாற்றினார். ம்ஹூம்.

மஞ்சள் லேசரைப் போட்டார். சாயம் ஏற்றிய செல்கள் செக்கச்செவேலென்று தெரிந்தன.

“செல்லெல்லாம் உயிரோட ஜம்முன்னு இருக்கு. பச்சைதான் மருந்துக்குக்கூட இல்ல!”

அவளுக்கு என்னவோ புரையேறியது.

“ஒருவேளை லேசர் பவரை ஜாஸ்தி வச்சு நானே பச்சை ஒளியை எரிச்சு அணைச்சுட்டேனோ?”

“இல்ல அத்தான், குறைச்சுதான் வச்சீங்க. எதுக்கும் லேசர் படாத மூலையைப் பாருங்க.”

அந்த மூலையிலும் இருட்டுதான்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அத்தானுக்கு மனசு கேட்கவில்லை.

“அழாதம்மா, உங்கக்கா என்னைத் தொலைச்சுடுவா! கேமராவோட உணர்திறனை எக்கச்சக்கமா ஏத்தி ஒரே ஒரு பச்சைப் புள்ளி வரவைக்கிறேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“ஐயோ, குடியைக் கெடுத்துடாதீங்க!” கையை எடுத்தாள். கண்ணில் நீர், வாயெல்லாம் பல். “படத்தை எல்லாம் சேமிச்சுட்டீங்களா?”

“சேமிச்சாச்சு.”

“அப்ப இனி சொல்லலாம். பச்சையா ஒளிர்றதுதான் அத்தான் நோய்க்கிருமி. ரெண்டு தட்டுலயும் அதை விட்டேன். என் மருந்தை ரெண்டாவதுல மட்டும்தான் விட்டேன்!”